மம்பட்டி போன வழி

என்ன எய்யா, மூஞ்சி இப்படித் தொங்கிக் கிடக்கு? டிரில் மெஷின் போச்சா? எங்க போச்சு? பக்கத்து வீட்டுக்கா? அட, இதுக்கா ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டுக் கிடக்குதே? நான் என்னமோ பேங்கில இருந்த துட்டை எவனோ உருவிட்டான்னுல்லா நெனச்சேன்.

உக்காரு. இப்படித் திண்ணையில உக்காரு. உன் புது வீட்டில திண்ணையே வைக்கலை பாத்தியா, பாதிக் கோளாறு அங்கனதான். திண்ணை இருந்தா, இரவல் வாங்கினவன் நம்ம முன்னால நடந்துதான் கடைக்கும் கோயிலுக்கும் போகணும். நாம ஒண்ணும் கேக்க வேண்டாம். “என்ன மாப்ள, சாப்டாச்சா?”ன்னாப் போதும். சாமான் அவனுக்குத் தானா ஞாபகம் வந்துரும். நீ என்ன கட்டியிருக்கே? ஆள் உசரத்துக்கு மேல சுவரு, அதுக்கு மேல கண்ணாடிச் சில்லு, வாசலில கேமரா. அவன் உன் மெஷினைத் தூக்கிட்டுப் போனது கேமராவில தெளிவா விழுந்திருக்காமே? தேதியும் மணியும் கூட இருக்காமே? நல்லது. அதை வச்சு என்ன செய்யப் போறே? பொங்கலுக்குத் திரை கட்டிப் படம் ஓட்டப் போறியா?

என்ன சொல்லி வாங்கினான்? “சார், ஒரு அஞ்சு நிமிசம், ஒரே ஒரு ஓட்டை.” அப்படித்தான? அஞ்சு நிமிசம்னு கேட்டு வாங்கின சாமான் அன்னைக்கே திரும்பி வந்த சரித்திரம் எங்க ஊரில கிடையாது. “நாளைக்குத் தாரேன்”னு சொல்லுதான் பாரு, அவனைக் கூடக் கொஞ்சம் நம்பலாம். “வேலை முடிஞ்சதும் நானே கொண்டாந்து போடுதேன், நீங்க அலைய வேண்டாம்”னு ஒருத்தன் சொன்னா, அப்பவே புதுசு ஒண்ணு வாங்கிக்க வேண்டியதுதான்.

அப்புறம் நீ என்ன செஞ்சே? சொல்லு, கேப்போம். முதல் வாரம் கேக்கலை. கேட்டா நாகரிகமா இருக்காதாம். ரெண்டாவது வாரம் வாட்ஸப்பில இங்கிலீசில ஒரு வரி போட்டே. சும்மா ஞாபகப்படுத்துதேன்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு, தமிழ்ல பேசுறவனுக்கு, இங்கிலீசில எதுக்குய்யா? கோவத்தைக் கொஞ்சம் சலவை செஞ்சு அனுப்பவா? அவன் கட்டைவிரலைத் தூக்கின பொம்மை ஒண்ணைத் திருப்பி அனுப்பினான். மூணாவது வாரம் உனக்கு ஆத்திரம் பொறுக்கலை, ஸ்டேட்டஸ் வச்சே. பிறர் பொருளை மதிக்காதவன் மனுசனே இல்லைன்னு, பின்னால சூரியன் மறையிற படத்தோட. அதைப் பாத்துட்டு அவன் என்ன செஞ்சான்? “ரொம்பச் சரியாச் சொன்னீங்க சார்”னு இதயத்தைப் போட்டான். அவன் வீட்டம்மா அதையே எடுத்துத் தன் ஸ்டேட்டஸில வச்சுக்கிட்டா. இப்ப அந்தத் தெருவில உன் தத்துவத்தை ரெண்டு வீடு பரப்புது. டிரில் மெஷின் மட்டும் வரலை.

இப்ப என்னமோ வில்லை வாங்கி ஒட்டப் போறேங்கே. சாமான் எங்க இருக்குன்னு போன்ல காட்டுமாம். எங்க இருக்குன்னு இப்ப உனக்குத் தெரியாதா? அவன் வீட்டு ஷோகேஸ் மேல இருக்கு. உன் வீட்டுச் சன்னல்ல நின்னா தெரியுது. இதைச் சொல்ல வானத்தில ஒரு மெஷின் சுத்தணுமா?

சிரிக்காதே. எங்க கரிசக்காட்டிலயும் இந்தச் சீக்கு உண்டு. எங்க தெருவில ஒரு வீட்டில நல்ல மூங்கில் ஏணி இருந்தது. மார்கழி பிறந்துட்டா அந்த ஏணிக்குக் கால் முளைச்சிரும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கணும்லா? முதல்ல எதுத்த வீட்டுக்காரன் வந்து கேட்டான். கொடுத்தாக. அவன் வீட்டில வேலை நடக்கிறப்பவே பக்கத்து வீட்டுக்காரி, “மதினி, ஒத்தச் சுவருதான்”னு தூக்கிட்டுப் போனா. அங்க இருந்து கொழுந்தன் வீடு. அங்க இருந்து கோயில் கோபுரத்துக்கு ஒரு குழல்விளக்கு மாட்ட. இப்படிச் சுத்தி, கடைசித் தெருவில ஒருத்தன் வீட்டில ஏணி நிக்குது. ஏணிக்குச் சொந்தக்காரருக்குத் தன் வீட்டு வெள்ளையடிப்பு ஞாபகம் வந்து, தெருத்தெருவா விசாரிச்சு அங்க போய் நின்னாரு. அவன் ஏணியைத் தடவிப் பாத்துட்டுச் சொல்லுதான்: “தாரேன் மாமா, ஆனா நாளைக்குத் திருப்பிக் கொடுத்துரணும். எனக்கும் மச்சில வேலை இருக்கு.” அவரும் “சரி மாப்ள”ன்னு சொல்லித் தூக்கிட்டு வந்தாரு. மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தும் வந்தாரு.

அவரைக் கிறுக்கன்னு நினைக்காதே. பொங்கலுக்கு அந்தத் தெருவில எல்லா வீட்டிலயும் இருந்து அவருக்குக் கரும்பு வந்தது. அவரு வீட்டில அந்த வருசம் கரும்பு வாங்கவே இல்லை. ஏணி எங்க நிக்குதுன்னு பாக்காத மனுசன், கரும்பு எத்தனை வந்ததுன்னு எண்ணிப் பாத்தாரு.

நேரங்கழிச்சு வர்ற சாமான்தான் உனக்குக் கவலை. நான் சொல்லுதேன், அது ரெண்டாவது கவலை. எப்படி வருதுங்கிறதுதான் முதல் கவலை. எங்கிட்ட மருந்தடிக்கிற தோள் டேங்கு ஒண்ணு இருந்தது, 16 லிட்டர் பிடிக்கும். பக்கத்துக் காட்டுக்காரன் கேட்டான். மக்காச்சோளத்தில களை மண்டிப் போச்சாம். கொடுத்தேன். சொன்னா நம்பமாட்டே, மறுநாள் காலையிலயே கொண்டாந்து வச்சுட்டான். துடைச்சு வேற வச்சிருந்தான். ஆகா, மனுசன்னா இவன்லான்னு நானும் மெச்சிக்கிட்டேன். என் பருத்தியில தத்துப்பூச்சி இருந்தது, அதே டேங்கில மருந்து கலக்கி அடிச்சேன். கொஞ்ச நாள்ல பாக்கேன், கொழுந்து இலையெல்லாம் விரிய மாட்டேங்குது. விரல் விரலா நீண்டு, ஒடுங்கி, நரம்பு நரம்பாத் தெரியுது. பருத்தி இலையா வெண்டை இலையான்னு சந்தேகம் வந்துட்டது. அப்புறந்தான் விசாரிச்சா, அவன் மக்காச்சோளத்துக்கு அடிச்சது டூ-ஃபோர்-டி. அந்தக் களைக்கொல்லியில ஒரு சொட்டு டேங்கின் அடியில கிடந்தாப் போதும், பருத்திக்கு ஆகாது. வாசிங் சோடா போட்டு ரெண்டு மூணு தரம் அலசி, குழாய்க்குள்ளயும் தண்ணியை ஓட்டி எடுக்கணும். அவன் வெளியில துடைச்சுக் கொடுத்தான், உள்ள அலசலை.

ஆக, சொன்ன நாளில வந்து சேந்த ஒரே இரவல் சாமான்தான் எனக்கு அதிக நட்டத்தைக் கொடுத்தது. களைக்கொல்லிக்குத் தனி டேங்கு, பூச்சி மருந்துக்குத் தனி டேங்கு வச்சுக்கோன்னு விவசாய ஆபீசில சொல்லுவாக. கேட்டுக்கோ. களைக்கொல்லி டேங்கைத் தாராளமாக் கொடு. அது எத்தனை மாசம் கழிச்சு வந்தாலும் பாதகமில்லை.

மம்பட்டி இருக்கே, அது இன்னொரு ரகம். மண்ணு வெட்டத்தான் கேப்பான். “வாய்க்கால் ஒரு இழுவை இழுக்கணும் அண்ணாச்சி.” போய்ப் பாத்தா கக்கூஸ் கட்டுதான், சிமெண்டு குழைக்குதான். நாலு நாள் கழிச்சு வர்ற மம்பட்டியைக் கையில எடுத்துப் பாரு. வாயெல்லாம் மழுங்கி, ஓரத்தில விரல் கனத்துக்குச் சிமெண்டு காஞ்சு, கல்லா ஒட்டியிருக்கும். தட்டினா மம்பட்டிதான் நெளியும், சிமெண்டு விழாது. கணை ஆடும். ஆப்பு எங்கயோ விழுந்திருக்கும். அதுக்குப் பதிலா ஒரு ஓலைச் சில்லைச் செருகிக் கொடுத்திருப்பான். அதை ராத்திரி பூராத் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, மரம் ஊதி இறுகினப்புறம் புது ஆப்பு அடிச்சு, அரம் வச்சு வாயைத் தீட்டினாத்தான் பழைய மம்பட்டி. கொடுத்தவனுக்கு ஒரு நாள் சோலி. வாங்கினவன் கிட்ட இதைச் சொன்னா, “அப்படியா? எனக்கு நல்லாத்தான வெட்டுச்சு?”ம்பான். வெட்டும்யா. உன் கை வலிச்சா அது என் மம்பட்டி குத்தமா?

உன் கூட்டாளி ஒருத்தன் வக்கீலுக்குப் படிச்சிருக்கானாமே, சட்டத்தில என்ன இருக்குன்னு கேட்டியாமே? அவனை எதுக்குக் கேக்கே? டீக்கடைக்கு வர்ற வக்கீல் குமாஸ்தா எனக்கு எப்பவோ சொல்லிட்டாரு. வெள்ளைக்காரன் 1872 ஆம் வருசம் போட்ட ஒப்பந்தச் சட்டம், அதில எல்லாம் இருக்கு. வேலை முடிஞ்சா, இல்லை சொன்ன கெடு முடிஞ்சா, நீ கேக்காமலே அவன் கொண்டாந்து கொடுக்கணும். அது 160 ஆவது பிரிவு. வாடகை வாங்காம சும்மா கொடுத்த சாமானா? கெடு முடியிறதுக்கு முன்னாலயே நீ திருப்பிக் கேக்கலாம். அது 159. கெடு சொல்லிக் கொடுத்துட்டு இடையில பிடுங்கி, அதனால அவனுக்கு வந்த லாபத்தை விட நட்டம் கூடிப் போச்சுன்னா, மிச்ச நட்டத்தை நீதான் கட்டணும். ஆக, பாதி வெள்ளையடிக்கிறப்ப ஏணியை உருவிடாதே.

ஏணி தெரு சுத்தின கதை சொன்னேனே, அதுக்கும் ஒரு பிரிவு போட்டிருக்கான். 154. குதிரையை ஒருத்தனுக்கு அவன் மட்டும் ஏறுறதுக்குன்னு கொடுத்திருக்கு. அவன் வீட்டு ஆளு ஒருத்தனை ஏத்திவிட்டான். அவன் பத்திரமாத்தான் ஓட்டினான், ஆனாலும் குதிரை விழுந்து அடிபட்டுட்டது. யாரு பொறுப்பு? வாங்கினவன்தான். குதிரையை எடுத்துட்டு அந்த இடத்தில ஏணியைப் போட்டுப் படி. 163 இன்னும் விசேசம். பசுவை ஒருத்தன் பொறுப்பில விட்டிருந்து, அங்க அது கன்னு போட்டா, பசுவோட கன்னையும் சேத்துக் கொடுக்கணும். இதைச் சொல்லிட்டுக் குமாஸ்தா என்னைப் பாத்துச் சிரிச்சாரு. “உம்ம மம்பட்டி எப்பவாவது கன்னு போட்டா சொல்லும்வே, கேஸ் போடுவோம்”னாரு.

போடலாம்தான். மெஷின் மூவாயிரம் ரூவா. வக்கீல் பீசு எவ்வளவு, வாய்தாவுக்கு வாய்தா பஸ் சார்ஜ் எவ்வளவுன்னு உன் கூட்டாளியையே கேளு. அவன் ரொம்பச் சந்தோசமாச் சொல்லுவான்.

சட்டத்தில இல்லாத ஒரு வித்தையை எங்க ஆச்சிமார் வச்சிருந்தாக. உனக்குப் பாதாளக் கரண்டி தெரியுமா? தெரியாது. உன் வீட்டில தண்ணி குழாய்க்குள்ள வருது. கிணத்தில வாளி இறைச்ச காலத்தில, கயிறு அறுந்து வாளி உள்ள போயிரும். குடம் நழுவிரும். அதை எடுக்க ஒரு இரும்பு வளையம், அதில சங்கிலி சங்கிலியாத் தொங்கும், சங்கிலி நுனியில எல்லாம் வளைஞ்ச கொக்கி. தூக்கினா ஒரே சலசலப்பு. கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி, அடியில மெல்லத் துழாவணும். கொக்கி எதிலயாவது மாட்டிச்சுன்னா கயிறு கனக்கும். மேல இழுத்தா சில நேரம் நம்ம வாளி வரும். சில நேரம் பாட்டன் காலத்துச் செம்பு வரும்.

இந்தச் சாமான் எல்லா வீட்டிலயும் இருக்காது. தெருவுக்கு ஒண்ணு இருந்தாலே பெரிசு. அந்த வீட்டுக்குப் போய்க் கேட்டா, ஆச்சி “அதுக்கென்ன, எடுத்துக்கோ”ம்பா. ஆனா கையை நீட்டிக்கிட்டே நிப்பா. எதுக்கு? நீ ஒரு செம்போ சின்னக் குடமோ வச்சுட்டுப் போகணும். கரண்டி திரும்பி வந்தாத்தான் செம்பு திரும்பும். பண்ணையார் வீட்டு ஆளு வந்தாலும் செம்பு. சம்பந்தி வீட்டு ஆளு வந்தாலும் செம்பு. சும்மா கொடுத்தா ரெண்டு வீட்டுக்கும் சண்டை வந்துரும்னு ஒரு சாத்திரம் வேற சொல்லி வச்சிருந்தாக. யாருக்கும் ரோசம் வரலை. “எங்களை நம்பலையா?”ன்னு ஒருத்தரும் மூஞ்சியைத் திருப்பலை. சாத்திரம்னு சொல்லியாச்சே!

எப்படி வேலை செஞ்சது பாத்தியா? நம்ம சாமான் அடுத்தவன் வீட்டில கிடந்தா நமக்குத்தான் உறுத்தும். அவன் சாமான் நம்ம வீட்டில கிடந்தா அவனுக்கு உறுத்தும். அந்தச் செம்பு இல்லாம மறுநாள் காலையில அவன் பொண்டாட்டி மோர் ஊத்த முடியாது. “முதல்ல கரண்டியைக் கொண்டு போய்க் கொடுத்துட்டு என் செம்பை வாங்கிட்டு வாரும்”னு அவளே விரட்டிருவா. நாம எதுக்கு வாட்ஸப்பு அனுப்பணும்?

ஊர்ப் பொதுவில அண்டா, குண்டா, ஜமுக்காளம் எல்லாம் இருக்கு. கல்யாண வீட்டுக்காரன் எடுத்தா நோட்டில எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுத்தான் எடுக்குதான். ஒரு கரண்டி குறைஞ்சாலும் துட்டு. சர்க்காரும் அப்படித்தான். வேளாண் பொறியியல் துறையில டிராக்டரு வாடகைக்கு விடுதாக, உழவன் செயலியில பதிஞ்சுக்கலாம். பணத்தைக் கட்டினாத்தான் வண்டி வரும். அங்க எல்லாம் நீ முறைப்பில்லாம வரிசையில நிக்குதே. பக்கத்து வீட்டில மட்டும் உனக்குப் பெரிய மனுசத் தோரணை வந்துருது. நோட்டில எழுதினா அசிங்கம், அடமானம் கேட்டா அசிங்கம், திருப்பிக் கேட்டா அசிங்கம். மனசுக்குள்ள அவனை நாளுக்கு நாப்பது தரம் வையிறது மட்டும் நாகரிகமா?

அடுத்த தரம் அவன் வந்து எதையாவது கேட்டா, சிரிச்சுக்கிட்டே சொல்லு: “தாராளமா எடுத்துட்டுப் போங்க சார். உங்க ஸ்கூட்டர் சாவியைக் கொஞ்சம் கொடுங்க, மார்க்கெட் வரைக்கும் ஒரு சோலி இருக்கு.” நீ மார்க்கெட்டுக்குப் போக வேண்டாம். சாவியை ஆணியில மாட்டிட்டுச் சும்மா உக்காந்திரு. மறுநாள் அவன் ஆபீசுக்குப் போகணும்லா?

சரி, இப்ப போன மெஷினுக்கு வழி? கேக்கணும். அவ்வளவுதான். கொடுத்ததைக் கேட்டா அடுத்தது பகைன்னு பழமொழி சொல்லுவே. தெரியும். அந்தப் பழமொழியைச் சொன்னவன் யாரு வீட்டு மம்பட்டியையோ இரவல் வாங்கி வச்சிருந்திருப்பான். வேற யாரு இதைச் சொல்லிப் பரப்புவா?

கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. நீ கேப்பியே, அந்த அழகைப் பாக்கணுமே. “சார், தப்பா நினைச்சுக்காதீங்க, அவசரம் ஒண்ணுமில்ல, உங்க வேலை முடிஞ்சிருந்தா, முடிஞ்சா...” ஏன்யா, அவசரம் இல்லைன்னு நீயே சொன்னப்புறம் அவன் எதுக்கு அவசரப்படணும்? தப்பா நினைச்சுக்காதீங்கன்னா, ஏதோ தப்பு நடந்திருக்குன்னுல்லா அவனுக்குத் தோணும்? காலையில அவன் செடிக்குத் தண்ணி ஊத்துறப்ப போ. அவன் வீட்டம்மா கிட்டச் சொல்லிவிடாதே. அது போய்ச் சேர்றதுக்குள்ள நாலு இலையும் ரெண்டு கிளையும் சேந்துரும். நேரா அவன் கிட்டயே, “சார், டிரில்லை எடுங்க, எனக்கு ஒரு ஆணி அடிக்கணும்”னு கையை நீட்டு. பின்னால எதுவும் சேக்காதே. நின்ன இடத்தில நில்லு. “சாயங்காலம் கொண்டாரேன்”ம்பான். “இல்ல சார், வந்த காலோட வாங்கிட்டுப் போயிருதேன்”னு சொல்லு. அவன் உள்ள போய் எடுத்துட்டு வருவான். அதில பெரிய வீரம் ஒண்ணும் வேண்டாம். அவன் கள்ளன் இல்லைய்யா. மறதிக்காரன். ஷோகேஸ் மேல ஒரு மாசம் இருந்த சாமான் அவன் கண்ணுக்கு ஷோகேஸாவே ஆயிப்போச்சு.

அப்படியும் கூச்சமா இருந்தா, நவராத்திரி வரைக்கும் பொறு. ஆயுத பூசைக்கு முந்தின நாள் உன் மகளைச் சந்தனக் கிண்ணத்தோட அனுப்பு. “அப்பா டிரில்லுக்குப் பொட்டு வைக்கணுமாம்”னு சொல்லச் சொல்லு. எந்தக் கொம்பனாலயும் மறுக்க முடியாது. சாமி காரியம்லா? எங்க தெருவில வருசம் பூராக் காணாமப் போன சாமானெல்லாம் அன்னைக்குத்தான் ஊர்வலமா வரும். குறடு, திருப்புளி, ரம்பம், சைக்கிள் பம்பு. கழுவி, துடைச்சு வேற வரும். பக்கத்து வீட்டுச் சாமானுக்குத் தன் வீட்டில பொரி கடலை படைக்க எவனுக்கும் மனசு வராது. விஜயதசமி முடிஞ்ச மறுநாள் திரும்பக் கேட்டு வருவான், அது வேற.

போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன். உன் வீட்டுப் பரண்ல ஏறிப் பாத்தியா? உங்க ஆத்தா அங்க ஒரு பெரிய இட்லிக் கொப்பரை வச்சிருக்கா. மூடியில என்ன பேரு வெட்டியிருக்குன்னு படிச்சுப் பாரு. உங்க தாத்தா பேரா இருக்காது. உன் கல்யாணத்துக்கு எங்கிருந்தோ வந்தது. உன் பையன் இப்பப் பள்ளிக்கூடம் போறான். அந்த வீட்டுக்காரி உங்க ஆத்தாளைப் பாத்து ஸ்டேட்டஸ் வச்சாளா? இல்லை. பொறுத்துக்கிட்டு இருக்கா. இல்லைன்னா உங்க வீட்டுத் திருகையை வச்சிருக்கா. ரெண்டில ஒண்ணு.

கொப்பரையைக் கொண்டு போய்க் கொடு. வெறுங்கொப்பரையாக் கொடுக்காதே, அது முறையில்லை. நாலு முருங்கைக்காயோ, கொஞ்சம் அரிசியோ போட்டுக் கொடு. அவளும் ஒரு நாள் எதையாவது போட்டு அனுப்புவா. பாத்திரம் போறதும் வாறதுமா இருந்தா யாரு யாருக்குக் கடன்னு கணக்கு விளங்காது. விளங்காம இருக்கிறதுதான் தெருவுக்கு நல்லது. விளங்கிட்டா அன்னைக்கே ரெண்டு வீடும் பேசாம போயிரும்.

கொடுக்க மனசில்லாத சாமானும் இருக்கும். அதையும் சொல்லிருதேன். பளிச்சுன்னு இல்லைன்னு சொல்ல உனக்கு வாய் வராது. நீ படிச்சவன். அதுக்கும் பெரியவுக ஏற்பாடு பண்ணி வச்சிருக்காக. விளக்கு வச்சப்புறம் ஊசி கொடுக்கக் கூடாது, உப்புக் கொடுக்கக் கூடாது, மோரு கொடுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை துட்டுக் கொடுக்கக் கூடாது. லெச்சுமி வெளிய போயிருவாளாம். போவாளோ போக மாட்டாளோ, எனக்குத் தெரிஞ்சது, இருட்டில கை மாறின ஊசி விடிஞ்சு பாத்தா கிடைக்காது. சாத்திரத்தைக் குத்தம் சொல்ல வராதே. மூஞ்சிக்கு நேர இல்லைன்னு சொல்லி ஒருத்தனைப் பகைச்சுக்கிறதை விட, லெச்சுமி மேல பழியைப் போடுறது எவ்வளவு மேல்! அவ ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா.

மம்பட்டியைக் கொடு. கடப்பாறையைக் கொடு. ஏணியைக் கொடுத்துட்டுக் கரும்பை எண்ணு. அருவாளை மட்டும் கொடுக்காதே. நம்ம பக்கத்தில அருவா தேங்காய் வெட்டுறதுக்குன்னு போகும், வேற எதுக்கோ ஆயிரும். அப்புறம் அது போலீசு கையில போய், கோர்ட்டில சீட்டுக் கட்டித் தொங்கி, நீ சாட்சிக் கூண்டில நின்னு “இது என் அருவாதான்யா”ன்னு அடையாளம் சொல்ல வேண்டி வரும். அந்தச் சாமான் திரும்பி வர எத்தனை வருசமோ. கேட்டா, “வீட்டில இல்லையே, தம்பி எடுத்துட்டுப் போயிட்டானே”ன்னு சொல்லு. மாட்டுக் கொட்டாய்க் கூரையில செருகி வச்சிருக்கிறது பிடி வெளிய தெரியுதா? அவன் அதைப் பாத்துட்டானா? பாத்தாப் பாக்கட்டும். அவன் வீட்டுக் கூரையிலயும் ஒண்ணு செருகித்தான் இருக்கும். நீ போய்க் கேட்டா, அதையும் ஒரு தம்பிதான் எடுத்துட்டுப் போயிருப்பான்.